பொய் என்று மறுத்தால் போதுமா?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொந்தக் கட்சிக்காரரையே தாக்கி ஓட்டுக் கேட்கலாமா என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இரு பெரிய கட்சிகளும் மாநிலம் மாநிலமாக நடத்தும் பிரைமரி தேர்தல்களை வைத்துப் பேசச் சொன்னார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தேர்தல் விளம்பரங்களோடும் துண்டறிக்கைகளோடும் சில ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துபவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிரைமரியில் எதிரே நிற்பவரும் நம் கட்சிக்காரர்தான். வரி, போர், கருக்கலைப்பு என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்வார்கள். கொள்கையில் இடைவெளி குறையக் குறைய ஆளைப் பார்த்து அடிப்பது கூடும். எங்கே அடிப்பது? அந்த ஊர் வாக்காளர் எதைக் கண்டால் முகம் சுளிப்பாரோ அங்கே. அதனால் ஓர் அவதூறைப் படித்தால், தாக்கப்பட்டவரைவிட வாக்களிக்கப் போகிறவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியவரும்.

2000ஆம் ஆண்டு, குடியரசுக் கட்சி. பிப்ரவரி 1 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஜான் மெக்கெய்ன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அடுத்த பெரிய களம் தெற்கு கரோலினா. புஷ் அங்கே பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் போய்ப் பேசினார். வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலிக்கக் கூடாது என்று அன்றைக்கும் விதி வைத்திருந்த பல்கலைக்கழகம் அது. நாடே கண்டித்த பிறகு, மார்ச் மாதம்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

அதே நாட்களில் தொலைபேசி வழியாகவும், கார் கண்ணாடிகளில் செருகிய துண்டறிக்கைகள் வழியாகவும் ஒரு பேச்சு பரவியது: மெக்கெய்னுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு கறுப்பினக் குழந்தை இருக்கிறது. தொலைபேசியில் அதைக் கருத்துக்கணிப்புக் கேள்வி போலக் கேட்டார்களாம். 'உங்களுக்கு இது தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா' என்கிற பாணியில். கேள்விதானே, பொய் சொன்னதாக யாரையும் பிடிக்க முடியாது. மேடையில் மெக்கெய்னோடு ஒரு சிறுமி நின்றது உண்மை. வங்கதேச அனாதை இல்லத்திலிருந்து அவரும் மனைவியும் தத்தெடுத்து வளர்த்த எட்டு வயதுக் குழந்தை. அந்தத் தோலின் நிறம் மட்டும் போதுமானதாக இருந்தது. ஒரு சொட்டுக் கறுப்பின ரத்தம் இருந்தாலும் கறுப்பரே என்று சட்டமே எழுதி வைத்திருந்த தெற்கு அது. தீட்டு என்றால் என்னவென்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

இதைச் செய்தவர்கள் யார் என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. புஷ் தரப்பு தங்களுக்குத் தொடர்பில்லை என்றது. பிப்ரவரி 19 அன்று மெக்கெய்ன் 11 புள்ளிக்கு மேல் பின்தங்கித் தோற்றார். இந்த வதந்தியால்தான் தோற்றார் என்று நான் சொல்லமாட்டேன். மதவாத வாக்குகள், பணம், கட்சி இயந்திரம் எல்லாம் புஷ்ஷின் பக்கம் இருந்தன. என் அக்கறை வேறு. 'அது பொய், தத்தெடுத்த குழந்தை' என்ற மறுப்பு எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. உண்மையாகவே இருந்தால்தான் என்ன, கறுப்பினக் குழந்தை என்றால் அவமானமா என்று அந்த மாநில மேடைகளில் எந்த வேட்பாளர் கேட்டார்? கேட்டால் ஓட்டுப் போகும்.

ஓட்டுப் போகும் என்ற அச்சத்தை மெக்கெய்னே இன்னொரு விஷயத்தில் வாய்விட்டு ஒப்புக்கொண்டார். அப்போது அந்த மாநிலச் சட்டமன்றக் கோபுரத்தின் மேல், அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் கூட்டமைப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. ஜனவரியில் அதை இனவெறியின் சின்னம் என்றவர், உடனே பாரம்பரியச் சின்னம் என்று மாற்றிப் பேசினார். களத்திலிருந்து விலகிய பின், ஏப்ரலில் திரும்பி வந்து, உண்மையைச் சொன்னால் ஜெயிக்க முடியாதென்று பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று மன்னிப்புக் கேட்டார். நேர்மைதான். ஆனால் தேர்தல் முடிந்த பிறகு வந்த நேர்மை. சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2015 ஜூலையில்தான் அந்தக் கொடி சட்டமன்ற வளாகத்தை விட்டே இறங்கியது.

ஜனநாயகக் கட்சி உத்தமம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2008 பிரைமரியில் ஒபாமா ரகசியமாக இஸ்லாமியர் என்ற பேச்சு மின்னஞ்சல்களில் சுற்றியது. அதுபற்றித் தொலைக்காட்சியில் கேட்டபோது ஹிலாரி கிளிண்டன் இல்லை என்றுதான் சொன்னார். கூடவே 'எனக்குத் தெரிந்தவரை' என்று ஒரு வாலையும் ஒட்டினார். அந்த வால் போதும்.

பிரைமரி முடிந்தாலும் அந்தப் பேச்சு முடியவில்லை. அக்டோபரில் மினசோட்டா கூட்டமொன்றில் ஒரு பெண், ஒபாமா ஓர் அரபியர், நம்ப முடியவில்லை என்றார். இப்போது எதிர்க் கட்சி வேட்பாளர் அதே மெக்கெய்ன். ஒலிவாங்கியை வாங்கி, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர் என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தும் சொன்னார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். அரபியரா, இல்லை, கண்ணியமானவர். அப்படியானால் அரபியர்? ஒன்பது நாள் கழித்து காலின் பாவெல், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், சரியான இடத்தைத் தொட்டார். ஒபாமா கிறிஸ்தவர், அது உண்மை. ஆனால் இஸ்லாமியராக இருந்தால்தான் என்ன தவறு என்று கேட்பதே சரியான பதில் என்றார். ஒரு கறுப்பினத்தவர் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியென்றால் உட்கட்சியில் யாரும் யாரையும் தாக்கக் கூடாதா? எனக்கு அதில் உடன்பாடில்லை. 'வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவராதே' என்ற அறிவுரை எப்போதும் கீழே இருப்பவர்களிடம்தான் சொல்லப்படுகிறது. 2019 ஜூன் 27, மியாமி விவாத மேடை. இனப்பிரிவினையை ஆதரித்த செனட்டர்களோடு சுமுகமாக வேலை செய்ததைப் பெருமையாகச் சொன்னதற்காகவும், கறுப்பின வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கும் பேருந்துத் திட்டத்தை 1970களில் எதிர்த்ததற்காகவும் ஜோ பைடனை கமலா ஹாரிஸ் முகத்துக்கு நேரே கேட்டார். அந்தப் பேருந்தில் போன சிறுமி நான்தான் என்றார். பைடன் ஆதரவாளர்களுக்குக் கோபம். ஆனால் அடி விழுந்தது பைடன் செய்த வேலையின் மேல். பிறப்பின் மேல் அல்ல. இதில் ஹாரிஸுக்கும் முழு மதிப்பெண் தர முடியாது. சில நாட்களிலேயே, அதைப் பள்ளி மாவட்டங்கள் முடிவு செய்யலாம் என்ற பக்கம் சாய்ந்து பைடனுக்கு அருகில் போய் நின்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பைடன் அவரையே துணை அதிபர் வேட்பாளராக்கினார். (நாம் இங்கே அவரது தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பேருந்தைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?)

ஒருவர் என்ன செய்தார் என்று கேட்டால் அவர் பதில் சொல்லலாம், வருத்தம் தெரிவிக்கலாம், மாறவும் செய்யலாம். யாருக்குப் பிறந்தார், யாரைப் பெற்றார், வீட்டில் யார் வளர்கிறார் என்று கேட்டால் மறுக்க மட்டும்தான் முடியும். அந்த எட்டு வயதுச் சிறுமி எதை மறுப்பாள்?

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. மீதியைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.