லிஸ்பனில் ஒரு நாள் நடை



ஐரோப்பாவின் பழைய நகரொன்றை நடந்து காண விரும்புவோர் முதலிற் செய்வது, பார்க்க வேண்டிய இடங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வதாகும். நானும் அவ்வாறே செய்தேன். போர்த்துக்கலின் தலைநகராகிய லிஸ்பனுக்குச் சென்றபோது, கைநூலொன்று புகழின் வரிசையிலே தந்திருந்த இடங்களை அதே வரிசையிற் பார்க்கப் புறப்பட்டேன். மேற்குக் குன்றில் ஏறினேன்; இறங்கினேன்; கிழக்குக் குன்றில் ஏறினேன்; மீண்டும் ஆற்றங்கரைக்கு வந்தேன். பிற்பகல் 2 மணிக்குள் முழங்கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. அதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. பார்த்தவையெல்லாம் தனித்தனி அழகிய கட்டடங்களாகவே தோன்றின. ஒன்றுக்கொன்று என்ன உறவென்பது விளங்கவேயில்லை. அன்றிரவு தேசப்படத்தை விரித்து வைத்து, மறுநாளைக்கு வேறொரு பாதை வகுத்தேன். அப்பாதையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

லிஸ்பனில் நடைப்பாதை வகுப்போர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒன்று, அது குன்றுகளின் நகரம். மற்றொன்று, 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அந்நகரை அழித்த பூமியதிர்ச்சி. அன்று சகல புனிதர்களின் திருநாள். காலை வேளையிலே மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்தபொழுது நிலம் அதிர்ந்தது. வெட்டவெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடற்பேரலை வாரிச் சென்றது. எஞ்சியதைப் பல நாள் எரிந்த தீ உண்டது. ஆற்றங்கரையை ஒட்டிய தாழ்ந்த நிலம் மென்மண், அங்கிருந்தவை நொறுங்கின. கிழக்குக் குன்றின் சரிவிலுள்ள அல்பாமா பகுதி பாறைமேல் நிற்பது. அது பெரும்பாலும் தப்பியது. ஆகவே குன்றின் உச்சியிலிருந்து கீழே இறங்குகின்றவன், பூமியதிர்ச்சிக்கு முந்திய நகரிலிருந்து பிந்திய நகருக்கு நடக்கின்றான். காலுக்கும் அது சுகம். கருத்துக்கும் அதுவே முறை.

எனவே காலையில் டிராம் வண்டியிலேறிக் குன்றின் மேற்பகுதிக்குச் சென்றுவிட வேண்டும். அதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. 28ஆம் இலக்க வண்டி அவ்வழியே செல்கின்றது. காலம் தாழ்த்தினால் அதில் நிற்கவும் இடம் கிடையாது. இறங்கியபின் சிறிது ஏறினால் புனித ஜோர்ஜ் கோட்டை. மூர்களிடமிருந்து 1147இல் அபோன்சோ என்ரிக்கே அரசன் கைப்பற்றியது இது. நாட்டின் ஆவணங்களெல்லாம் இக்கோட்டைக் கோபுரமொன்றிலேயே காக்கப்பட்டு வந்தன. 1755இல் கோபுரம் இடிந்தது. ஆவணக் காப்பாளராகவும் தலைமைப் பொறியியலாளராகவும் இருந்த மனுவேல் த மாயா, தமது 78ஆம் வயதிலே, இடிபாடுகளிலிருந்து ஏடுகளை மீட்பித்தார். இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தைப் பற்றிய பத்திரங்கள் பல இன்றும் அக்காப்பகத்தில் உள்ளன. இது எண்ணி, அவ்விடிந்த கோபுரத்தின் முன் சற்று நேரம் கூடுதலாகவே நின்றேன்.

கோட்டையிலிருந்து இறங்கும் வழியில் சாந்த லூசியா தேவாலயம் இருக்கின்றது. பலர் அங்கு ஆற்றின் காட்சியைப் பார்த்துவிட்டுச் சென்றுவிடுகின்றனர். தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓடுகள் பதித்த சித்திரமொன்றுண்டு. அழிவுக்கு முன் ஆற்றங்கரைச் சதுக்கம் எவ்வாறிருந்தது என்பதை அது காட்டுகின்றது. நான் முதல் நாள் கண்டுகொள்ளாமற் போனது இதனையே. சதுக்கத்தை அடைவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது மிக அவசியம். என் திட்டத்தின் அச்சாணி இதுதான்.

பின்பு அல்பாமாவின் படிகளில் இறங்கலாம். இங்கே தேசப்படத்தை மடித்துப் பையில் வைத்துவிடுவது நன்று. எந்தச் சந்தும் ஈற்றில் ஆற்றையே சென்றடையும். பாதையெங்கும் பதித்துள்ள சிறு கற்கள் பல்லாண்டு கால்பட்டு வழுவழுப்பாகியுள்ளன. மழை தூறினால் தேய்ந்த சப்பாத்துடன் அங்கு நடப்பது அபாயம். பேராலயத்தை ஒருமுறை சுற்றி வந்து, கூர்முனைக் கற்கள் பதித்த 16ஆம் நூற்றாண்டு மாளிகையாகிய காசா தோஸ் பிக்கோசையும் பார்த்துக்கொண்டு, ஆற்றோரமாக மேற்கே திரும்பினால் வணிகச் சதுக்கம் வந்துவிடும்.

இங்கேதான் அரசரின் ஆற்றங்கரை அரண்மனை நின்றது. கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனின் பொற்பிரதிமையைத் தூதருடன் இந்நகருக்கு அனுப்பினான். மூன்றாம் யோவான் அரசர் 1543இல் அதற்கு முடிசூட்டினார். அவ்வரண்மனை இன்று இல்லை. அதே 1755ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இசைநாடக அரங்கும் இல்லை. பரந்த வெளியும், மூன்று பக்கம் வளைவு மண்டபங்களும், நடுவில் 1775இல் நிறுவப்பட்ட முதலாம் ஜோசேயின் குதிரைச் சிலையும், நான்காம் பக்கம் தேயு ஆறுமே உள்ளன. மேலே கண்ட ஓட்டுச் சித்திரத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு மறைந்துபோயிற்று என்பது நெஞ்சில் தைக்கும். அதைப் பாராமல் வந்தவனுக்கு இது வெறும் அழகிய சதுக்கமே. முதல் நாள் எனக்கு அவ்வாறே இருந்தது.

சதுக்கத்துக்கு வடக்கே புதிய நகர். பொம்பால் என்ற அமைச்சரின் ஆணைப்படி, மனுவேல் த மாயாவும் அவருடைய துணைவரும் நேர்கோட்டு வீதிகளாக இதனை வகுத்தனர். சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களாலான கூடொன்றை அமைத்தனர். நிலம் அதிர்ந்தாலும் கட்டடம் வளைந்து கொடுக்கும். வீதிகளுக்குத் தொழில்களின் பெயரையே சூட்டினர்: பொன் வீதி, வெள்ளி வீதி என்றவாறு. சப்பாத்தேரோஸ் வீதிப் பெயரைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் வீட்டிலே வழங்கும் சப்பாத்து அவர்கள் தந்த சொல்லன்றோ! கொரியேரோஸ் வீதியில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில், மென்மண்ணில் அறைந்த மரக்கம்பங்களையும் உரோமர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகளையும் காணலாம். வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டுமாதலால் முன்கூட்டியே நேரம் கேட்டு வைப்பது நன்று.

ரோசியோ சதுக்கத்தருகில் உணவு கொண்டு இளைப்பாறலாம். அங்கிருந்து கார்மோ தேவாலயத்துக்கு ஏறுவதே இந்நடையின் ஒரே கடும் ஏற்றம். 1902இல் திறந்த இரும்பு மின்னுயர்த்தி அருகே உண்டு; ஆனால் அதன் வாயிலில் நிற்கும் மக்கள் வரிசையைக் காண்பவன் நடந்தே ஏறிவிடுவான்.

கார்மோவின் நடுமண்டபத்துக்குக் கூரையில்லை. 1755இல் விழுந்தது, பின்னர் எழுப்பிய கூர்வளைவுகளுக்கு மேல் கூரை வேயவேயில்லை. கற்றூண்களுக்கிடையே புல் வளர்ந்திருக்கின்றது. வளைவுகளின் ஊடாக வானம் தெரிகின்றது. மாலைச் சாய்வெயிலில் இதைக் காணவேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். வாயிலுக்கு வெளியேயுள்ள சிறு சதுக்கத்தில்தான், 1974 ஏப்பிரல் 25ஆம் நாள், படைவீரரும் மக்களும் சூழ்ந்து நிற்க, சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் கயெத்தானோ பணிந்தார். அங்குள்ள மரநிழலில் இப்பொழுது காப்பி விற்கின்றனர்.

முழுத் தூரமும் 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடலாம். ஆனால் நாள் முழுவதும் வேண்டும். கார்மோ ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வேறு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். வாஸ்கோ ட காமாவின் கல்லறையுள்ள ஜெரோனிமோஸ் மடத்தை இதனோடு சேர்க்க முயல வேண்டாம். அது மேற்கே வெகுதூரத்தில் இருக்கின்றது. மறுநாள் 15ஆம் இலக்க டிராம் வண்டியிற் செல்லலாம். மறுநாள் திங்கட்கிழமையாயின் அம்மடமும் மூடியிருக்கும்.