கழற்றிப் பூட்டும் விழாப் பந்தல்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்கு, ஆண்டுதோறும் ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில், கொல்லிமலைச் செம்மேட்டில் அரசு விழா எடுக்கிறது. அறப்பளீசுவரரை வழிபட வருவோரும், ஆகாயகங்கை அருவியில் நீராட வருவோரும், மலையின் பல நாடுகளிலிருந்து வரும் பழங்குடி மக்களும் அந்நாட்களில் ஒருங்கே கூடுவர். இவ்வளவு பேரையும் வெயிலினின்றும் சாரலினின்றும் காக்கத் தக்க கூரை யாது? அதைப் பற்றித்தான் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் விழா என்றால் பந்தல். பந்தல் என்றால் சவுக்குக் கம்பும் மூங்கிலும், தென்னங்கீற்றும், கயிறும். இரண்டே நாளில் எழும். மூன்றாம் நாள் பிரிந்துவிடும். எளிமையில் அதற்கு நிகரில்லை. ஆயினும் அதில் ஒரு பெருங்கேடு உண்டு. 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது வேள்விச்சாலைப் பந்தலில் தீப்பற்றி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23-இல் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கீற்றுப் பந்தல் எரிந்தபோது, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்ந்த கீற்று நொடியில் பற்றும். எரியும் கூரை கீழே இருப்பவர் தலைமேலேயே விழும். ஐந்து அங்குலக் கனமுள்ள மரத்தூணோ மேற்புறம் கரியாகிக்கொண்டே நெடுநேரம் சுமையைத் தாங்கி நிற்கும். கூடியிருப்போர் வெளியேற அந்நேரம் போதும்.

அப்படியானால் காரைக் கட்டடமாகவே ஒரு மண்டபம் கட்டிவிடலாமே என்பார் உளர். ஆண்டில் இரண்டு நாள் கூடும் கூட்டத்திற்காக ஆண்டு முழுவதும் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மண்டபம், என் கருத்தில், மலைக்கு ஏற்றதன்று. விழாவும் ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை. வேண்டும் ஊருக்குக் கொண்டுபோய்ப் பூட்டவும், விழா முடிந்ததும் கழற்றவும் கூடிய மரப்பந்தலே தக்கது.

இது நமக்குப் புதிதன்று. திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்கரித்த தேரின் உயரம் 96 அடி. அதில் நிலையாக நிற்கும் மரப்பகுதி 30 அடியே; எஞ்சியதெல்லாம் மூங்கிலும் சீலையும் கொண்டு ஒவ்வோர் ஆண்டும் ஏற்றி, பின் இறக்கப்படுவது. இலண்டன் நகரில் 1851-இல் எழுந்த பளிங்கு மாளிகையும் ஒரே அளவான உறுப்புகளால் ஆக்கப்பட்டமையால்தான், பின்னர்ப் பிரித்து வேறோர் இடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது.

கொல்லிமலையில் அளவை முதலில் முடிவு செய்வது சாலை. காரவள்ளியிலிருந்து ஏறும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நீண்ட விட்டங்களை ஏற்றிய வண்டி அங்கே திரும்புவது அரிது. எனவே பதினோரடிக்கு மேற்பட்ட மரம் ஒன்றும் வேண்டாம். பத்தடிச் சதுரத்தை ஓர் அறையெனக் கொள்வோம். அகலத்தில் மூன்றும் நீளத்தில் நான்குமாகப் பன்னிரண்டு அறைகளைச் சேர்த்தால் 1,200 சதுர அடி; ஒருவருக்கு ஆறு சதுர அடியென இருநூறு பேர் தரையில் அமரலாம். தனித்தனியாக நிறுத்தினால் 48 தூண்கள் வேண்டும். அடுத்தடுத்த அறைகள் தூணைப் பங்கிட்டுக்கொள்வதால் இருபதே போதும். கூட்டம் பெருகினால் நீளத்தில் மூன்று அறைகளைக் கூட்டுக. நான்கு தூண்கள் மிகும், ஐம்பது பேருக்கு இடம் கிடைக்கும்.

நடுவிலுள்ள இரு வரிசைத் தூண்கள் பத்தடி உயரமும், ஓர வரிசைகள் ஏழடி உயரமும் இருக்கட்டும். நடு அறையின் உத்திரத்தின்மேல் ஒன்றரை அடிக் குட்டைக்கால் நிறுத்தி முகட்டைத் தாங்கினால், மழைநீர் இடையில் தேங்காமல் இருபுறமும் வழிந்துவிடும். பத்தடித் தூண் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ கனக்கும்; இருவர் தூக்கிவிடலாம். தூணின் தலையிலுள்ள துளையில் உத்திரத்தின் கழுந்தைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். ஆணி கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை பிடுங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும்.

காற்றே பெரும்பகை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சமவெளியார் சொல். மலைமேல் கேட்கவும் வேண்டுமா? பந்தலைச் சாய்ப்பது மட்டுமன்று, மேலே தூக்குவதும் காற்றின் இயல்பு. ஆகவே தூணுக்கும் உத்திரத்திற்கும் இடையே சாய்வாக ஒரு கைத்தாங்கல் வேண்டும். ஓரத்தூண்களை நிலத்தில் அறைந்த முளைகளோடு வடக்கயிற்றால் பிணிக்கவும் வேண்டும். தூண் மண்ணில் புதையாமல் கல்லின்மேல் நிற்பின் ஈரமும் கரையானும் அணுகா. கூரைக்குத் தீத்தடுப்பு மருந்தேற்றிய கித்தானையே நான் தேர்வேன். தகரம் தீக்கு அஞ்சாது. ஆனால் சாரல் அடித்தால் மேடையில் பேசுவோர் குரல் தமக்கே கேளாது! (பேச்சாளர் சிலரைப் பொறுத்தவரை அது நன்மையே என்பார் உண்டு.) பக்கங்களை எக்காரணத்தாலும் அடைக்கலாகாது. நாற்புறமும் திறந்திருப்பதே உயிர் காக்கும் வழி.

மரத்திற்குக் காட்டை வெட்ட வேண்டுவதில்லை. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் மலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரம் வளர்க்கிறார்கள். நேராக வளரும், தச்சருக்கு இணங்கும். இயல்பாகப் பூச்சியைத் தாங்காது என்பது அதன் குறை. நன்கு உலர்த்தி, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திப் பயன்படுத்தினால் அக்குறை பெரிதும் தீரும். அம்மருந்து மழையில் கரைந்து போகுமாதலால், பந்தலைக் கழற்றியபின் உறுப்புகளைக் கூரையின் கீழ், தரையில் படாமல் அடுக்கிவைத்தல் இன்றியமையாதது.

ஒவ்வோர் உறுப்பிலும் காய்ச்சிய இரும்பால் ஓர் எழுத்தும் எண்ணும் பொறித்துவிட வேண்டும். அ வரிசை மூன்றாம் தூண், ஆ வரிசை முதல் உத்திரம் என்று அழைத்துப் பூட்டுகையில், தச்சர் அல்லாதாரும் உடன் கைகொடுக்கலாம். மங்கல முறைப்படி பந்தற்கால் நடும் வழக்கத்தையும் கைவிட வேண்டியதில்லை. மாவிலை கட்டி நிறுத்தும் முதற்கால் வடகிழக்குத் தூணாகவே இருக்கட்டும்.

பன்னிரண்டு அறைக்கும் ஒரேயடியாக மரம் அறுத்துவிடலாகாது. நான்கு தூண்களைக் கொண்டு ஓர் அறையை மட்டும் திறந்த வெளியில் நிறுத்தி, ஓர் ஆடிக்காற்று முழுவதும் விட்டுவைக்கட்டும். ஆவணி பிறந்ததும் ஊர்த்தச்சர் வந்து எந்த ஆப்பு நெகிழ்ந்தது, எந்தக் கழுந்து விரிந்தது, எந்தக் கயிறு தளர்ந்தது என்று தொட்டுப் பார்த்துத் திருத்திய பிறகு, எஞ்சிய பதினோர் அறைகளுக்கும் வாளை எடுக்கலாம்.