கேட்டுப் பெறும் ஞானம்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. வாசகங்கள்: 1 அரசர்கள் 3:5,7-12, உரோமையர் 8:28-30, மத்தேயு 13:44-52)



தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நமக்கு வேண்டியதை ஒருவரிடம் கேட்கிறோம். அவர் பேசும்போது காதுகொடுத்தும் கேட்கிறோம். இன்றைய முதல் வாசகத்தில் இந்த இரண்டும் ஒன்று சேர்கின்றன.

தாவீதின் மகன் சாலமோன் அரியணை ஏறிய புதிது. பலி செலுத்தச் சென்ற கிபயோனில் ஆண்டவர் அவருக்குக் கனவில் தோன்றி, என்ன வரம் வேண்டும் என்கிறார். நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ எதிரிகளின் அழிவையோ சாலமோன் கேட்கவில்லை. தாம் ஒன்றும் அறியாத சிறுபிள்ளை என்று ஒப்புக்கொண்டு, மக்களுக்கு நீதி வழங்க ஞானத்தைக் கேட்கிறார். எபிரேய மூலத்தில் அந்த வேண்டுதலைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், அவர் கேட்டது 'கேட்கும் இதயம்'. 2011 செப்டம்பரில் ஜெர்மனி நாடாளுமன்றத்தில் பேசிய திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், சட்டம் இயற்றுவோர் இன்றும் விரும்பிக் கேட்கவேண்டியது இந்த இதயத்தையே என்று நினைவூட்டினார்.

அந்த வரம் எப்படி வேலை செய்தது என்பது அடுத்த நிகழ்ச்சியிலேயே தெரிகிறது. ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் அரசர் முன் வழக்காடுகிறார்கள். இருவரும் விலைமாதர், ஊரார் யாரும் நின்று கேட்காத குரல்கள். வாளைக் கொண்டுவரச் சொன்னதுதான் நமக்கு நினைவில் நிற்கிறது. ஆனால் அதற்கு முன் சாலமோன் ஒன்று செய்தார். நீ சொல்வது இது, அவள் சொல்வது இது என்று இருவர் வார்த்தையையும் எடுத்துச் சொன்னார். இருபக்கமும் கேட்டு முடித்த பிறகுதான் தீர்ப்புக்குப் போனார்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, ஒருவர் என்னைத் தேடி வந்தார். தம்பி நிலத்தைப் பிரித்துத் தர மறுக்கிறான், நீதிமன்றம் போகப் போகிறேன், ஆசீர்வதியுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. "உங்கள் உரிமையைக் கேட்பதில் தவறில்லை" என்று சொல்லி அனுப்பினேன். சில வாரம் கழித்துத் தம்பி மனைவி வந்தார். "சாமி, அத்தை நாலு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. என் நகையை வித்துத்தான் வைத்தியம் பார்த்தோம். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அதற்குள் வழக்குப் பதிவாகிவிட்டது. நான் அந்தப் பங்கை விட்டு வரும்வரை அந்த இரு குடும்பங்களும் கோயிலில் ஆளுக்கொரு பக்கமாகத்தான் அமர்ந்தார்கள். தினமும் திருப்பலியில் ஞானத்துக்காக மன்றாடியவன்தான் நான். கடவுளிடம் கேட்டேன், மனிதரைக் கேட்கவில்லை.

அன்பர்களே, சாலமோனுக்கே கடைசியில் இது நேர்ந்தது. ஆலயம் கட்ட ஏழு ஆண்டுகள், தம் அரண்மனை கட்டப் பதின்மூன்று ஆண்டுகள். அந்த வேலைகளின் சுமை மக்கள் தோளில் ஏறியது. முதுமையில் அவர் உள்ளம் வேற்றுத் தெய்வங்கள் பக்கம் சாய்ந்தது. அவர் இறந்ததும் மக்கள் அவர் மகன் ரெகபெயாமிடம் வந்து, உம் தந்தை வைத்த நுகம் பாரமானது, அதை இலேசாக்கும் என்று முறையிட்டார்கள். கேட்கும் இதயத்தை வரமாகப் பெற்றவரின் ஆட்சியில், மக்களின் பெருமூச்சு கேட்கப்படாமல் கிடந்திருக்கிறது! மகனும் கேட்கவில்லை, நாடு இரண்டாக உடைந்தது. ஞானம் ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பத்திரம் அன்று. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் பெற்ற மன்னாவைப்போல அன்றன்று கேட்டுப் பெறவேண்டியது.

எப்படிக் கேட்பது? புனித யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் இரண்டையும் சொல்கிறார். ஞானத்தில் குறைவுள்ளவர் கடவுளிடம் கேட்கட்டும். அவர் கடிந்துகொள்ளாமல் தாராளமாகக் கொடுப்பார் என்கிறார். சில வரிகள் தள்ளி, கேட்பதற்கு விரையுங்கள், பேசுவதற்குத் தாமதியுங்கள் என்கிறார். முதலாவது முழந்தாளில் நின்று கேட்பது. இரண்டாவது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்பது. ஒன்றை விட்டால் மற்றது நிலைக்காது.

இன்றைய நற்செய்தியில், புதையலைக் கண்டவர் தமக்குள்ள அனைத்தையும் விற்று நிலத்தை வாங்குகிறார். ஞானம் என்னும் புதையலுக்காக நாம் முதலில் விற்கவேண்டியது, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற எண்ணத்தைத்தான்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். நாம் முன்பே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்ட ஒருவர் நம் வீட்டிலோ உறவிலோ இருப்பார். மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், கூடப் பிறந்தவராக இருக்கலாம். அவரிடம் சென்று, "நீ சொல், நான் கேட்கிறேன்" என்போம். போகுமுன், "ஆண்டவரே, கேட்கும் இதயத்தை எனக்குத் தாரும்" என்று வேண்டுவோம். கேட்டவருக்குக் கொடுத்த ஆண்டவர் நமக்கும் தருவார்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.