நாளுக்கு ஐந்து வரி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று மாணவர்களுக்குப் பரிசாகப் புத்தகங்கள் கொடுக்கிறோம். வாங்கிய புத்தகம் கண்ணாடி அலமாரியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. அதனால் வாசிப்பதைப் பற்றியும், தினம் கொஞ்சம் எழுதுவதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் இருக்கிறது செம்பவாங். இன்று அங்கே போனால் அடுக்குமாடி வீடுகளையும் கடைத்தொகுதியையும் ரயில் நிலையத்தையும் பார்க்கலாம். ஒரு காலத்தில் அந்த வட்டாரமும் நம்முடையதைப் போலப் பால்மரக் காடுதான். ஆங்கிலேயர் 1938இல் அங்கே பெரிய கடற்படைத் தளத்தைத் திறந்தார்கள். தமிழர்களும் மலையாளிகளும் ஏராளமாக அங்கே உழைத்தார்கள். அங்கேயே குடும்பம் நடத்தினார்கள். 1968இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. 1971இல் ஆங்கிலப் படை கிளம்பிவிட்டது. மரமும் போச்சு, பழைய குடியிருப்பும் போச்சு. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது.

எந்தப் போர்க்கப்பல் எப்போது வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கும். அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் அங்கே பட்டறைக்குப் போன தகப்பனார் சம்பள நாளில் என்ன வாங்கி வந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாயார் என்ன செய்தார் என்பதற்கெல்லாம் கணக்கு ஏது? அந்த வீட்டிலே யாராவது எழுதி வைத்திருந்தால் உண்டு; இல்லாவிட்டால் இல்லை.

நம்முடைய தோட்டமும் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? பால்மரம் போய்ச் செம்பனை வந்ததைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். எழுதுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

"சார், என்னத்தை எழுதுறது? எழுத ஆசையே வரலியே!" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆசை வரட்டும் என்று காத்திருந்தால் வராது. எழுத உட்கார்ந்தால்தான் ஆசை பின்னாலே வரும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்றொரு வணிகர் இருந்தார். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாகவும் வேலை பார்த்தவர். 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர், 1761இல் இறக்கும் வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதி வந்தார். கப்பல் வந்த சேதி, சரக்கு விவரம், கவர்னர் பேசிய பேச்சு, வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அதில் உண்டு. இலக்கணம் பார்த்து எழுதியதல்ல. அன்றைக்குப் பேசிய தமிழிலேயே எழுதினார். இன்றைக்கு வரலாற்று அறிஞர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். பிழை வந்துவிடுமே என்று பயந்து பேனாவை மூடி வைக்காதீர்கள். பிழையைத் திருத்த நாங்கள் இருக்கிறோம்.

எழுதியதைப் படிக்க ஒருவர் இருந்தால் உற்சாகம் தானாக வரும். சிங்கப்பூரில் 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி இதை நன்றாக அறிந்தவர். 1950களில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்காகவே பத்திரிகையில் இடம் கொடுத்தார். அதில் எழுதிப் பழகியவர்களில் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். பத்திரிகை நடத்த நம்மால் முடியாவிட்டாலும், ஓர் அறிவிப்புப் பலகை வைக்க முடியும். வாரம் ஒரு முறை மாணவர் எழுதியதை அதில் ஒட்டுவோம். கோயிலுக்குப் போகிறவர்களும் நின்று படிக்கட்டும்.

மாணவர்களே, வழி சுலபமானது. இரவு சாப்பிட்டதும் பத்து நிமிடம் ஒரு புத்தகம் படியுங்கள். பிறகு ஒரு நோட்டில் தேதி போட்டு ஐந்து வரி எழுதுங்கள். "இன்று மழை. அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மா கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினார்." இது போதும். ஊர், விலை, மனிதர், இவற்றை மறக்காமல் எழுதுங்கள். படிக்கப் படிக்கச் சொல் வரும். எழுத எழுதக் கண் திறக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் என்ன செய்ய?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளை படிக்கும்போது தொலைக்காட்சியை, கைப்பேசியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், நீங்கள் முதல் நாள் பிரட்டுக்குப் போனது எப்படி என்று சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். உங்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை. நீங்கள் சொல்லாமல் போனால் அது உங்களோடு போய்விடும்.

அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு ஒவ்வொரு மாணவரும் ஒரு நிரம்பிய நோட்டோடு வர வேண்டும். அதற்குப் பரிசாக ஒரு புதிய நோட்டைத் தர நான் தயாராக இருக்கிறேன்.