வாடகை அறுவடை வண்டியுடன் ஒரு நாள்

(திருப்போரூர் வட்டார உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாமல்லபுரம் சாலையில் கம்பெனிகளும் கட்டட வேலைகளும் பெருகியபின் கழனிக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அறுப்பு என்றால் இன்று நமக்கு லாரியில் ஏறி வரும் பெல்ட் வண்டிதான். இதைக் குறை கூறிப் பயனில்லை. மணிக் கணக்கில் வாடகை கொடுக்கும் நாம் அந்த நேரத்தையும் நெல்லையும் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்காகவே சென்ற நவரை அறுப்பில், மானாமதிப் பக்கம் வந்திருந்த வண்டிக் குழுவினருடன் ஒரு நாள் முழுவதும் கூட இருந்து வேலை செய்தேன்.

குழுவில் ஓட்டுநர்கள் இருவர், உதவியாளர் ஒருவர். மூவரும் சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பகுதியினர். புரட்டாசியில் டெல்டாவின் குறுவை, தை மாசியில் சம்பா, சித்திரையில் நம் நவரை, ஆவணியில் சொர்ணவாரி என்று பயிர் முற்றுகிற பக்கமெல்லாம் போகிறார்கள். பஞ்சாப் குழுக்களும் இப்படித்தான் மத்தியப் பிரதேசத்தில் கோதுமை அறுத்துவிட்டுச் சித்திரையில் தம் ஊர் அறுவடைக்குத் திரும்புகின்றன. அமெரிக்காவில் டெக்சாஸில் தொடங்கி, கனடா எல்லை வரை கோதுமையின் பின்னாலேயே செல்பவர்கள் உண்டு. அங்கே வண்டி இறங்கினால் நாள் முழுக்க ஒரே வயலில் ஓடலாம். இங்கோ ஒரே நாளில் ஐந்தாறு பேருடைய துண்டுக் கழனிகளில் ஏறி இறங்க வேண்டும். நம் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிட்டது. கிரீஸ் வைப்பது, காற்று வடிகட்டியைத் தட்டுவது, வெட்டும் கத்திகளைச் சரிபார்ப்பது என்று இரண்டு மணி நேரம் போயிற்று. ஆனால் ஒன்பதரை வரை வண்டியைக் கழனியில் இறக்கவில்லை. உழவர் ஒருவர் ஏழு மணியிலிருந்தே அவசரப்படுத்தினார். "பனி இறங்கட்டும் சார், இப்ப அறுத்தா நெல்லு வைக்கோலோட போயிடும்" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஈரத்தாளில் மணி எளிதில் பிரியாது.

முதல் கழனி ஓர் ஏக்கர், கோ 51. ஒரு மணி பத்து நிமிடத்தில் முடிந்தது. பக்கத்துக் கழனியும் ஓர் ஏக்கர், அதே இரகம். ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது கழனியில் நான்கு நாள் முன்புவரை தண்ணீர் நின்றிருக்கிறது. வண்டி ஒரு மூலையில் புதைந்து இருபது நிமிடம் திணறியது. மூலைகளை அரிவாளால் அறுத்து வைக்காததால் ஒவ்வொரு முறையும் பின்னுக்கு வந்து திரும்ப வேண்டியிருந்தது. தொட்டி நிறைந்தபின் நெல்லைக் கொட்டத் தார்ப்பாய் வரவில்லை. வண்டி ஓடிக்கொண்டே நின்றது. ஆக நாற்பத்தைந்து நிமிட வாடகை வீண். இதில் வண்டிக்காரர் தவறு எதுவும் இல்லை.

எனவே அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே நீரை வடித்துவிடுங்கள். களிமண் கழனியானால் பதினைந்து நாள்கூட வேண்டியிருக்கும். நான்கு மூலைகளிலும் பத்தடிக்குப் பத்தடி கையால் அறுத்து வையுங்கள். குழாய், கல், முளைக்குச்சி இருக்கும் இடத்தில் துணி கட்டிய கம்பு நட்டு, ஓட்டுநருக்கு முன்னதாகவே காட்டிவிடுங்கள். கத்தி உடைந்தால் அன்றைய அறுப்பே நின்றுபோகும்.

அடுத்தது நெல் இழப்பு. வண்டி போனபின், வைக்கோலை விலக்கி, ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்தில் சிந்திய மணிகளை எண்ணுங்கள். ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், 500 மணிக்கு 10 கிராம். ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். எனவே 40 கிலோ. கொள்முதல் நிலையக் கணக்கில் ஒரு சிப்பம் நெல்! அறுக்காத பயிரின் அடியில் தானாக உதிர்ந்ததையும் எண்ணிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை நான்காவது கழனியில் மூன்று இடங்களில் எண்ணினேன். மூன்றிலும் 500-க்கு மேல். அடுத்த ஊர்த் தரகர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்ததால் ஓட்டுநர் வேகமாக ஓட்டியிருந்தார். மணிகளைக் காட்டியதும் வேகத்தைக் குறைத்தார்; பதரைத் தள்ளும் விசிறிக் காற்றையும் குறைத்தார். மறு சுற்றில் சிந்தியது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டால் செய்கிறார்கள், கேட்பவர்தான் இல்லை. நம்மில் பலர் வரப்பில் நின்று தொட்டியில் விழும் நெல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வண்டிக்குப் பின்னால் நடந்தால் சுணை அரிக்கும், உண்மைதான். எனக்கு இரண்டு நாள் அரித்தது.

அன்றைய கடைசிக் கழனி அறுபது சென்ட். உரிமையாளர் ஓர் அம்மையார். மூன்று நாளாக வண்டிக்குக் காத்திருந்தார். அறுபது சென்டுக்காக லாரியிலிருந்து இறக்கி ஏற்றுவது கட்டாது என்று தரகர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குள் முதல் நாள் பெய்த கோடை மழையில் பயிர் பாதி சாய்ந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் அறுத்தோம். சாய்ந்த பயிரை ஒரே பக்கமாக மெல்ல ஓட்டி எடுக்க வேண்டியிருந்ததால் நேரம் இரட்டிப்பாயிற்று. நேரமும் போய், நெல்லும் போய், வாடகை மட்டும் கூடியது. சிறு கழனிக்காரர்தான் எப்போதும் வரிசையில் கடைசி.

இதற்கு நான் காணும் வழி ஒன்றுதான். ஒரே மடையில் பாயும் கழனிக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, ஒத்த வயதுள்ள இரகத்தை ஒரே வாரத்தில் நட வேண்டும். கோ 51-க்கு 105 முதல் 110 நாள் வயது. நடுவில் ஒருவர் 130 நாள் இரகத்தை நட்டால் அவருக்காக வண்டி இன்னொரு முறை வர வேண்டும், வராது. பத்து ஏக்கர் சேர்ந்து முற்றியிருக்கிறது என்றால் தரகரே உங்களைத் தேடி வருவார். வாடகையையும் பேசிக் குறைக்கலாம். கதிரில் நூற்றுக்கு எண்பது மணி பழுத்ததும் நாள் குறித்துவிடுங்கள்.

வண்டி நெல்லில் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேலும் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரைதான் ஏற்பார்கள். இரவில் குவித்து மூடி வைத்தால் சூடேறி மணி நிறம் மாறும், பரப்பி வையுங்கள். விதைக்கு வைப்பவர்கள் வண்டி இறங்குமுன் தொட்டியைத் துடைக்கச் சொல்லி, முதலில் விழும் ஓரிரு மூட்டையைத் தனியே ஒதுக்க வேண்டும். முந்தைய ஊரின் கலப்பு நெல்லும் களை விதையும் அதில்தான் வரும். வைக்கோல் வேண்டுமானால் எவ்வளவு தாழ அறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறையும் அறுவடை வண்டிகளை வாடகைக்கு விடுகிறது. அறுப்பு நேரத்தில் கேட்டால் கிடைப்பது கடினம். கதிர் பால் பிடிக்கும்போதே குழுவாகச் சென்று பதிவு செய்யுங்கள். இனி உங்கள் ஐயங்களைக் கேட்கலாம்.