எந்த நரம்பு?



பொருளை மேலாகத் தொட்டு, வாழ்த்துச் சொல்லி, உட்கார்ந்துவிடுவதுதான் தலைமை உரையின் மரபு. இன்றைய பொருள் அப்படித் தொட்டுவிட்டு நகரக்கூடியதல்ல. அதனால் ஒரு சொல்லில் ஆரம்பிக்கிறேன்: நரம்பு.

புறநோயாளர் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சொல் காதில் விழுகிறது! ‘நரம்பு ஊசி போடுங்க’ என்பவர் சிரையில் போடச் சொல்கிறார். ‘கால்ல நரம்பு சுருண்டிருக்கு’ என்றால் வெரிகோஸ் வெயின். ‘நரம்பு சுண்டி இழுக்குது, மரத்துப்போகுது’ என்றால்தான் நம் பாடப்புத்தக நரம்பு. யாழுக்கும் நரம்பு உண்டு, வெற்றிலைக்கும் உண்டு. படித்த தோரணையில் நாம் உடனே, ‘அது நரம்பு இல்லம்மா, ரத்தக் குழாய்’ என்று திருத்துகிறோம். இன்று பேசவிருக்கும் நோயில் மட்டும் அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். காலின் மிகப் பெரிய நரம்பான சயாடிக் நரம்பை ஒட்டியும், சூழ்ந்தும், சில பேருக்கு அதன் உறைக்குள்ளேயே புகுந்தும் வளர்ந்த சிரைகள் இவை. நோயாளி இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லில் சொல்கிறார். அவர் சொல்வது சரி.

வீனஸ் மால்ஃபார்மேஷனை சிரை உருத்திரிபு என்று சொல்லிக்கொள்கிறேன். கரு உருவாகும்போதே சிரைச்சுவர் சரியாக அமையாமல் போவதால் வருவது. சுவரைத் தாங்கும் தசை மெலிந்து, குழாய் பை பையாக விரிந்து, ரத்தம் தேங்குகிறது. இது கட்டி அல்ல. செல்கள் பெருகி வளர்வதில்லை. பிறக்கும்போதே இருக்கும், குழந்தையோடு சேர்ந்து பெரிதாகும், பருவம் எய்தும்போதும் கர்ப்பகாலத்திலும் திடீரென்று தலைகாட்டும். தானாக ஒருநாளும் மறையாது. இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குழந்தைகளுக்கு வரும் ஹீமாஞ்சியோமா சில ஆண்டுகளில் தானே சுருங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிக் குழப்பிக்கொண்டிருந்த உலகத்தை 1982-ல் முல்லிக்கனும் குளோவாக்கியும் செல்களை வைத்துப் பிரித்துக் காட்டினார்கள். 1996-ல் ரோம் நகரில் ரத்தக்குழாய்க் கோளாறுகளை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் அந்தப் பிரிவினையை ஏற்றது. அப்புறமும் நம் டிஸ்சார்ஜ் தாள்களில் ‘கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா’ ஒழியவில்லை. அந்தப் பெயரைப் படித்து, ‘தானாப் போயிடும்னு சொன்னாங்க’ என்று பதினைந்து ஆண்டு காத்திருந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

சிரைச்சுவர் ஏன் இப்படி அமைகிறது? TIE2 என்ற ஏற்பியை ஆக்கும் மரபணுவில், உடலின் அந்த ஒரு பகுதியில் மட்டும் ஏற்படும் பிறழ்வு காரணம் என்று 2009-ல் தெரியவந்தது. இப்படித் தனித்து வரும் உருத்திரிபுகளில் ஏறத்தாழ பாதிக்கு இதுதான் வேர். மரபணுக்காரர்கள் மதியம் பேசுவார்கள். அவர்கள் பங்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் கேள்வி வேறு. உடம்பில் இவ்வளவு இடம் இருக்க, இந்தச் சிரைகள் ஏன் சயாடிக் நரம்பைத் தேடிப் போய்ப் பற்றுகின்றன? உண்மையில் அவை தேடிப் போகவில்லை, அங்கேயே இருந்தவை. கருவின் காலுக்கு முதலில் அமையும் பெரிய சிரைகளில் ஒன்று இந்த நரம்பை ஒட்டியே ஓடுகிறது. பின்னால் தொடைச்சிரை வளர்ந்து பொறுப்பை ஏற்றதும் பழையது தேய்ந்துபோக வேண்டும். சிலரிடம் தேய்வதில்லை. 1900-ல் பாரிஸில் கிளிப்பெல், ட்ரெனோனே இருவரும் விவரித்த நோய்த்தொகுதியில் இந்தப் பழைய சயாடிக் சிரை மிச்சமிருப்பதை அடிக்கடி காண்கிறோம்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று.

முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு பெண். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். இந்த விருத்தாசலம் பக்கத்தில் அந்த வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: தரையில் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்த அரைமணியில் புட்டத்திலிருந்து உள்ளங்கால்வரை தீயாக எரிகிறது என்றார். காலையில் எழும்போது வலி அதிகம். அப்புறம் ஒரு வாக்கியம்: ‘நடக்கும்போது செருப்பு தானா கழன்டு விழுது, டாக்டர்.’ இடுப்பு முதுகெலும்புக்கு மூன்று எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். மூன்றிலும் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே வட்டு கொஞ்சம் பிதுங்கியிருந்தது. அந்த வயதில் வலியே இல்லாத பலரின் முதுகிலும் அப்படிப் பிதுக்கம் இருக்கும். ‘டிஸ்க் பல்ஜ்’ என்று அறிக்கை போயிற்று, மாத்திரையும் இடுப்புப் பட்டையும் வந்தன. மூன்று படங்களில் ஒன்றைப் படித்தவன் நான்.

பல மாதம் கழித்து முழங்காலுக்குப் பின்னே நீலமாக ஒரு வீக்கம் தெரிந்து அவர் திரும்ப வந்தபோது, என் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். ஸ்கேன் தொடங்கும்முன் இடம் குறிக்க எடுப்போமே, அந்த லோக்கலைசர் படத்தில், கீழ் ஓரத்தில், வலது புட்டத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அது அன்றும் அங்கேதான் இருந்தது. என் கண் வட்டிலேயே நின்றுவிட்டது.

விருத்தாசலத்தில் நின்று இதைச் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இவ்வூர்ச் சிவனான பழமலைநாதர் தந்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது இந்த ஊரின் கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று உலகம் கேலி பேசுவதும் அதை வைத்துத்தான். அவருக்குச் சிவன் ஜாமீன், அதனால் குளத்தில் கிடைத்தது. புட்டத்தில் இருக்கும் நோயை முதுகெலும்பில் தேடும் நமக்கு யார் ஜாமீன்?

சயாடிக் நரம்பு இடுப்பின் நாலாம் வேரில் தொடங்கி, சேக்ரம் என்னும் திரிகத்தின் மூன்றாம் வேர்வரை ஐந்து வேர்கள் கூடிப் பிறப்பது. பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே வெளிவந்து, பின்தொடையில் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே டிபியல், பெரோனியல் என்று பிரிகிறது. அங்கேதான் பிரிவதாகத் தோன்றினாலும், மேலேயிருந்தே ஒரே உறைக்குள் இரண்டும் தனித்தனித் தண்டவாளங்கள்தான். ஆகவே படம் திரிகத்தில் தொடங்கிக் கணுக்கால்வரை போக வேண்டும். கொழுப்பை அடக்கிய டி2 நீளவாக்கில் ஒன்று, ஐயமுள்ள இடங்களில் மெல்லிய குறுக்குவெட்டுகள், டி1, பிறகு காடோலினியம் மருந்து ஏற்றி ஒன்று. 1993-லிருந்து நரம்பையே தனியாகக் காட்டும் எம்.ஆர். நியூரோகிராஃபி முறைகளும் வந்துவிட்டன. இன்னொன்று: புட்டத்தில் நோய் என்று ஐயம் வந்தால் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து எடுங்கள். மல்லாந்து படுத்தால் அவர் எடையே பைகளை நசுக்கி, இருக்கும் ரத்தத்தை வடித்துவிடுகிறது. எந்தப் புத்தகத்தையும் காட்டி இதை நான் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

குறுக்குவெட்டில் நல்ல நரம்பு எப்படித் தெரியும்? ஈர்க்குவிளக்குமாற்றின் அடியை வெட்டிப் பார்த்தால் தெரிவதுபோல: வட்டத்துக்குள் நெருக்கமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், நடுநடுவே கொழுப்பு. சிரை உருத்திரிபு அதே டி2-ல் தண்ணீர்போல வெளுத்து, கொத்துக் கொத்தாக இருக்கும். அதற்குள் உருண்டையாகச் சில கறுப்புப் புள்ளிகள், தயிரில் மிளகு விழுந்தாற்போல. தேங்கிய ரத்தம் உறைந்து சுண்ணாம்பேறிய சிரைக்கற்கள் அவை. அவற்றைக் கண்டால் பாதி வழக்கு முடிந்தது. மருந்து ஏற்றியபின் பொறுமை வேண்டும். சிரைப் பைகள் மெதுவாக, ஒரு மூலையில் தொடங்கி நிரம்பும்; முதல் படத்தில் இருட்டாக இருந்தது பத்தாம் நிமிடத்தில் வெளுக்கும். சுவர் மட்டும் வெளுத்து உள்ளே நிரம்பாவிட்டால் நிணநீர்க் கோளாறு. வேகமாக ஓடும் ரத்தம் கறுப்புக் குழாய்களாகத் தெரிந்தால் தமனி சேர்ந்த வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு.

இதை நரம்புக்கட்டி என்று நினைத்து ஊசி குத்தித் திசு எடுக்கப் போவது இன்னொரு பெருந்தவறு. ரத்தமும் கொட்டும், நரம்பும் அடிபடும்.

தசைகளும் சாட்சி சொல்லும். பின்தொடையில் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலைக்கு மட்டும் பெரோனியல் பங்கிலிருந்து கிளை வருகிறது. அந்தத் தசை டி2-ல் வெளுத்தோ கொழுப்பேறியோ இருந்தால், கோளாறு முழங்காலுக்குக் கீழே இல்லை, மேலே. புட்டத்தின் குளூட்டியஸ் மீடியஸ் கெட்டிருந்தால் வேரைச் சந்தேகியுங்கள். அது நன்றாக இருந்து கீழே உள்ளவை மெலிந்திருந்தால் சயாடிக் நரம்பைச் சந்தேகியுங்கள். பாதம் பலவீனமாகிக் கழன்ற அந்தப் பெண்ணின் செருப்பு இந்தக் கணக்கை என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை.

அறிக்கைக்கு வருகிறேன். ‘பின்தொடையில் 14 செ.மீ. அளவுள்ள சிரை உருத்திரிபு’ என்று எழுதி முடிக்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு மருத்துவம் செய்ய முடியாது. சிரை நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சுற்றி வளைத்திருக்கிறதா, உறைக்குள் புகுந்து இழைக்கட்டுகளை விலக்கியிருக்கிறதா, எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம்வரை? இவ்வளவும் வேண்டும். பக்கத்தில் மட்டும் இருந்தால் டெட்ரடெசில் மருந்தை நுரையாக்கிச் செலுத்தலாம். இரண்டு ஊசிக்குழல்களையும் ஒரு மூவழித் திருகையும் வைத்து நுரை அடிக்கும் எளிய முறையை 2000-ல் டெஸ்ஸாரி தந்தார். நம்மூர் மருத்துவமனைகளிலும் இது கைப்பழக்கமாகிவிட்டது. உறைக்குள் இருந்தாலோ அதே மருந்தால் வரும் வீக்கம் நரம்பையே நெரிக்கும். ஆல்கஹால் ஊசி அதைவிட ஆபத்து. பாதம் நிரந்தரமாகத் தொங்கிப்போகலாம். அங்கே கத்தியும் உதவாது: இழைகளோடு பின்னிய சிரையை அறுத்தெடுப்பதும் நரம்பை அறுப்பதும் ஏறக்குறைய ஒன்றே. அழுத்தக் காலுறை, வலி மருந்து, தேர்ந்தெடுத்த சிலருக்கு சிரோலிமஸ் என்று பொறுத்துப் போக வேண்டியிருக்கும். எந்தத் தலையீட்டுக்கும் முன்னால் டி-டைமர் பாருங்கள். பெரிய உருத்திரிபுகள் உள்ளுக்குள்ளேயே ரத்தத்தை உறையவைத்து உறைபொருளைத் தின்றுகொண்டிருக்கும்.

எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எங்கே கிடைக்கும் என்று மாவட்ட மருத்துவமனை நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். முழங்காலுக்குப் பின்னே ஆழமில்லாத இடத்தில் அல்ட்ராசவுண்டே ஓரளவு சொல்லிவிடும்: அழுத்தினால் நசுங்கும், விட்டால் மெல்ல நிரம்பும். புட்டத்தின் தடித்த தசைக்கு அடியில் மட்டும் அதற்குப் பார்வை மங்கும். அந்த இடத்துக்குத்தான் எம்.ஆர்.ஐ. சீட்டு எழுதுங்கள். எழுதும்போது ‘இடுப்பு முதுகெலும்பு’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு உறைக்கு வெளியே இருந்த பகுதிக்கு மட்டும் இரண்டு தவணை நுரை ஊசி போடப்பட்டது. எரிச்சல் குறைந்தது, பாதம் முழுதாகத் திரும்பவில்லை. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார், வார் வைத்த செருப்புப் போடுகிறார்.

முதல் அமர்வில் அவருடைய படத்தைத்தான் பெயர் நீக்கித் திரையில் போடப்போகிறார்கள். வலி எங்கே என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையிலிருக்கும் தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்த மட்டத்தில் சிரை நரம்பின் உறைக்குள் நுழைகிறது? விளக்கை அணைக்கச் சொல்லலாம்.