உறைந்த குழாயும் ஒரு வாளித் தண்ணீரும்



தண்ணீர்ப் பஞ்சம் என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை சித்திரை வெயிலும், வெடித்துக் கிடக்கும் ஏரியும், தெருக்குழாயடியில் விடியற்காலை முதலே வரிசை பிடித்திருக்கும் குடங்களுந்தான். மார்கழி, தை மாதங்களில், அதிலும் மழைக்கும் ஈரத்துக்கும் பெயர்போன இங்கிலாந்து தேசத்தில், தண்ணீர் கிடைக்காமல் தொழில் முடங்கிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஒரு வர்க்கத்தார் இருக்கிறார்கள் என்றால், கேட்பவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். வீடு வீடாகச் சென்று ஜன்னல் கண்ணாடிகளை வெளிப்புறமாகத் துடைத்துக் கொடுத்து ஜீவனம் நடத்துகிறவர்களைப் பற்றித்தான் இன்று பேச உத்தேசித்திருக்கிறேன்.

மழையும் தூசியும் வண்டிப்புகையும் சேர்ந்து கண்ணாடியை மங்கச் செய்துவிடுகிற அந்தச் சீதோஷ்ணத்தில், மாடி ஜன்னலின் வெளிப்புறத்தை உள்ளிருந்தபடியே எட்டித் துடைப்பது வீட்டுக்காரர்களால் ஆகிற காரியம் அல்ல. ஆகவே பெரும்பாலான தெருக்களுக்கு வாடிக்கையாக ஒருவர் உண்டு. நான்கு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒருமுறை அவர் வருவார். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலையை முடித்து, ஒரு சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். பெரும்பாலும் அவர் யாரிடமும் சம்பளம் வாங்குகிறவர் அல்லர். தமக்குத் தாமே முதலாளி. இன்னின்ன தெருக்கள் தம்முடையவை என்று அவர் வைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சுற்றை ‘ரவுண்டு’ என்பார்கள். வயதானபின் அந்த ரவுண்டை இன்னொருவருக்கு விலைக்கு விற்றுவிடுவதுகூட வழக்கத்தில் உண்டு. துடைத்த வீட்டுக்குத்தான் கூலி. துடைக்காத நாளுக்கு ஒரு பென்னியும் கிடையாது.

பழைய நாட்களில் இந்தத் தொழிலுக்கு வேண்டியிருந்த முதல் மிகச் சொற்பம். ஓர் ஏணி, ஒரு வாளி, ஷாமி என்று சொல்லப்படும் பதனிட்ட மெல்லிய தோல், இவ்வளவே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் இதே தொழிலைச் செய்துவந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர், 1930-களில், பித்தளைப் பிடியில் ஒற்றை ரப்பர்ப் பட்டை செருகிய இலேசான வைப்பர் ஒன்றைச் செய்தார். அது தேசதேசாந்தரங்களுக்கும் பரவி, இன்றளவும் ஏறக்குறைய அதே உருவத்தில் புழங்கிவருகிறது. பிறகு பெரிய மாறுதல் வந்தது. உயரத்தில் நின்று செய்யும் வேலைகளைக் குறித்துப் பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு வந்த விதிகள், தரையில் நின்றே செய்யக்கூடிய வேலைக்கு ஒருவரை ஏணியில் ஏற்றலாகாது என்ற நியாயத்தை வலியுறுத்தின. ஏணியிலிருந்து விழுந்து காலையும் முதுகையும், சில சமயம் உயிரையுமே இழந்தவர்கள் அத்தொழிலில் அநேகர் இருந்தமையால், அதை நாம் குறை சொல்வதற்கில்லை. ஏணியின் இடத்துக்கு நீண்ட கம்பு ஒன்று வந்தது. அதன் நுனியில் ஒரு பிரஷ். பிரஷ்ஷுக்குள் தண்ணீரைக் கொண்டு செல்ல மெல்லிய குழாய். கீழே வேனுக்குள் ஒரு தொட்டியும் பம்பும்.

சிக்கல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கம்பின் நுனியில் இருக்கும் பிரஷ்ஷால் கண்ணாடியைக் கழுவலாமேயன்றி ஈரத்தை வழித்தெடுக்க முடியாது. நீர் தானாகவே காய வேண்டும். சுண்ணாம்புப் பாறைக்கடியிலிருந்து வரும் லண்டன் பிரதேசத்துத் தண்ணீரிலோ பத்து லட்சத்தில் சுமார் முந்நூறு பங்கு உப்புகள் கரைந்திருப்பதால், அது காய்ந்தால் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் படிந்துவிடும். ஆகையால் உப்பு அறவே இல்லாத சுத்த ஜலம் வேண்டியதாயிற்று. சென்னையில் அநேக வீடுகளின் சமையலறைச் சுவரில் தொங்குகிறதே, ஆர்.ஓ. என்னும் அந்தச் சாதனத்தின் பெரிய தமையன் ஒன்றை இவர்கள் கொட்டகையிலோ வேனிலோ பொருத்திக்கொண்டு, அதற்கும் மேலாக, எஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் நிரம்பிய உருளை ஒன்றிலும் நீரைச் செலுத்தி, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் வரை சுத்தி செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு லிட்டர் சுத்த ஜலத்துக்கும் ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை கழிவாகச் சாக்கடைக்குப் போகிறது. கம்பின் நுனியிலோ நிமிஷத்துக்கு ஒன்று, இரண்டு லிட்டர் செலவாகிறது. ஒரு வாளித் தண்ணீரோடு காலந்தள்ளிய மனிதர், அரை டன் தண்ணீரை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவராக மாறிவிட்டார். உயிருக்கு வந்த ஆபத்து நீங்கியது. ஆனால் தண்ணீருக்கு அடிமைப்பட்டது இந்த மாறுதலினால்தான் என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது.

பனிக்காலம் வந்ததும் குழாயில் தண்ணீர் தாராளமாக வந்துகொண்டிருக்கும்போதே இவருக்கு முதல் தட்டுப்பாடு தொடங்கிவிடுகிறது. அதன் காரணம் விசித்திரமானது. ஆர்.ஓ. சாதனத்துக்குள் நீரை வடிகட்டும் சவ்வு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் கொடுக்கும் என்று விற்பனையாளர் எழுதித் தருவதெல்லாம் 25 டிகிரி உஷ்ணமுள்ள நீரை உத்தேசித்து எழுதியது. நீர் குளிரக் குளிர அதன் பாகுத்தன்மை மிகுந்து, சவ்வின் வழியே நுழைய மறுக்கிறது; டிகிரிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று வீதம் உற்பத்தி குறைந்துகொண்டே போய், ஐந்து டிகிரியில் குழாய் நீர் வரும் ஜனவரி மாதத்தில், பாதியளவுக்கு வந்துவிடுகிறது. இரவு குழாயைத் திறந்து வைத்து நிம்மதியாக உறங்கியவர், காலையில் தொட்டியைத் தட்டிப் பார்த்தால் மேற்பாதி வெற்றொலி எழுப்புகிறது. அனுபவசாலிகள் அந்திக்கு முன்னதாகவே நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அழுத்தம் கூட்டும் பம்பு வைத்துக்கொள்கிறார்கள். சாதனத்தைக் கொட்டகையிலிருந்து பெயர்த்து, வீட்டுக்குள் கதகதப்பான மூலை ஒன்றில் வைக்கிறார்கள். இல்லத்தரசிகளுக்கு இது உவப்பாக இராது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கிளாஸ்கோ நகரத்து ஜன்னல் துடைப்பவர்களுக்குச் சவ்வினால் வரும் இந்தக் கஷ்டம் அவ்வளவாக இல்லை. கத்ரின் ஏரியிலிருந்து 1859 முதல் அந்நகருக்கு வரும் தண்ணீர் இயல்பாகவே உப்புக் குறைந்ததாகையால், ரெசின் உருளை ஒன்றே போதும். கழிவு என்ற பேச்சே எழாது. ஒரே தொழில், ஒரே குளிர், ஆயினும் காலடியில் கிடக்கும் பாறைக்குத் தக்கபடி கஷ்டமும் வேறுபடுகிறது.

இரண்டாவது தட்டுப்பாடு தண்ணீர் உறைவதால் வருவது. உறையும் நீர் தன் பருமனில் நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. அந்தச் சிறு விரிவு போதும், பித்தளை இணைப்பைப் பிளப்பதற்கும் வடிகட்டியின் கூட்டை உடைப்பதற்கும். ஒருமுறை உறைந்து இளகிய சவ்வு பெரும்பாலும் பிறகு உபயோகப்படுவதில்லை. உறைபனி இறங்கிய ஒரு காலைப்பொழுதில் இவர் வேனின் பின்கதவைத் திறப்பதை அருகில் நின்று கவனித்தால் விஷயம் விளங்கும். சுருளில் சுற்றிய ரப்பர்க் குழாய் விறைத்துப்போய், இழுத்தால் வளையமாகவே வந்து விழுகிறது. பம்பு முனகுகிறது, நீர் வரவில்லை. எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயை அங்குலம் அங்குலமாக நெருடிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் முழங்கை போல வளைந்த இணைப்பில்தான் பனிக்கட்டி விரலுக்கு அகப்படும். ஃபிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரில் கொஞ்சத்தைத் தேநீருக்கென்று நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அந்த வளைவின்மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார். ஒரு தடவை இருமினாற்போல் காற்று வெளிப்பட்டு, அப்புறம் தண்ணீர் வருகிறது. அதற்குள் அண்டை வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நீர் வந்துவிட்டது என்பதனால் கஷ்டம் தீர்ந்துவிடுவதும் இல்லை. கம்பிலிருந்து வழிந்து நடைபாதையில் தேங்கும் ஜலம் கால்மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாகிவிடும். அதில் ஒரு மூதாட்டி சறுக்கி விழுந்தால் பாவமும் இவரைச் சேரும், நஷ்டஈடும் இவரைச் சேரும். ஆகவே உப்பு மூட்டை ஒன்றும் வேனில் ஏறிக்கொள்கிறது. தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க அவ்வளவு பாடுபட்டவரே தரையில் உப்பைத் தூவிக்கொண்டு போகிறார்.

மூன்றாவதாக, ஊருக்கே தண்ணீர் இல்லாமற்போகும் சந்தர்ப்பங்கள். 1962 டிசம்பர்க் கடைசியில் தொடங்கி மறு ஆண்டு மார்ச்சு வரை நீடித்த பெரும்பனியில், மண்ணுக்குள் புதைந்திருந்த குழாய்களே உறைந்துபோக, ஜனங்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். 1963 ஜனவரி, மத்திய இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டிலேயே மிகக் குளிர்ந்த மாதம். 2010 டிசம்பரில் வட அயர்லாந்தின் காசில்டெர்க் என்னும் ஊரில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 18.7 டிகிரிக்கு இறங்கியது. அதைவிட விபரீதம் பின்னால் வந்தது. பனி இளகத் தொடங்கியதும் வெடித்திருந்த குழாய்களெல்லாம் ஒரே சமயத்தில் ஒழுக, நீர்த்தேக்கங்கள் வடிந்து, ஆயிரக்கணக்கான வீடுகள் புத்தாண்டுக்கு முந்திய நாட்களைச் சொட்டுத் தண்ணீரில்லாமல் கழித்தன. 2018 மார்ச்சிலும் அதே கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் நான்கு மணி நேரத்துக்கு அதிகமாகக் குழாயில் நீர் வரவில்லை. குளிரைவிடக் குளிர் தணிவதே குழாய்க்குச் சத்துரு. குடிக்க நீரின்றி அண்டை வீட்டார் தவிக்கும்போது, ஜன்னல் கழுவ ஐந்நூறு லிட்டர் பிடித்துக்கொண்டிருப்பவரை யார்தான் மதிப்பார்கள்?

இவற்றுக்கெல்லாம் மேலாக, பனியே இல்லாத, மழையும் இல்லாத குளிர்காலம் ஒன்று உண்டு. அது ஓசைப்படாமல் வந்து ஆளை வீழ்த்துவது. தென்கிழக்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் நீர் ஊறுவது அக்டோபரிலிருந்து மார்ச்சு வரைதான். கோடை மழையைச் செடிகொடிகளும் சூரியனுமே குடித்துவிடுகின்றன. 2010-11, 2011-12 ஆகிய இரண்டு குளிர்காலங்களும் அடுத்தடுத்து வறண்டுபோகவே, 2012 ஏப்ரல் 5-ஆம் தேதி ஏழு நீர்க் கம்பெனிகள் ரப்பர்க் குழாய் உபயோகத்தைத் தடை செய்தன. சுமார் இரண்டு கோடி ஜனங்கள் வாழும் பிரதேசம் அது. முன்பெல்லாம் இத்தகைய தடை தோட்டத்துக்கும் சொந்தக் காருக்குமே உரியதாக இருந்தது. 2010-ஆம் ஆண்டின் சட்டம் வீட்டு ஜன்னலையும் அந்த ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. தொழிலாகச் செய்கிற சிறு வியாபாரிகளுக்குக் கம்பெனிகள் விலக்கு அளிப்பதுண்டு என்றாலும், விலக்கு என்பது தயவே ஒழிய உரிமை அல்ல. தடை வந்த அந்த ஏப்ரலே, 1910-லிருந்து பிரிட்டன் எந்த ஏப்ரலிலும் கண்டிராத அளவுக்கு மழையைக் கொட்டித் தீர்த்தது என்பது வேறு விஷயம். தெய்வத்துக்கும் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு போலும்.

ஆனால் அந்தச் சட்டம் எதைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாளியை அது தடுக்கவில்லை. என் அபிப்பிராயத்தில், இந்தத் தொழிலின் குளிர்கால ரகசியம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. கம்பைத் தவிர வேறொன்றையும் கையால் தொட்டறியாத இளைஞர் உறைபனி வாரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்க, வாளியில் பயின்ற கிழவர் கடைத்தெருவில் வேலை செய்துகொண்டிருப்பார். ஐந்தாறு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மெதிலேட்டட் ஸ்பிரிட்டைக் கலந்துகொண்டால், அது எளிதில் உறைவதில்லை. கம்பளி உறை போட்ட கட்டையை அதில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, கடைக் கண்ணாடியின் மேற்பாதியை மட்டும் நனைக்கிறார்; முழுவதையும் நனைத்தால், வைப்பர் கீழே வந்து சேருவதற்குள் படலம் உறைந்துவிடும். மேல்மூலையில் வைப்பரை ஊன்றி, எடுக்காமலே பாம்பு நெளிவதைப்போல இடமும் வலமுமாக இழுத்து வந்து முடிக்கிறார். ரப்பர் விளிம்பைத் துணியில் ஒரு முறை ஒற்றிக்கொள்கிறார். ஓரத்து ஈரத்தை மடித்த லினன் துணியின் நுனியால் எடுக்கிறார். தரையில் நாலு சொட்டுக்கூட விழுவதில்லை. மாடி ஜன்னல்களை இந்த வகையில் செய்ய இயலாதுதான். ஏணியில் உறைபனியன்று ஏறுவது மூடத்தனம். கீழ்த்தளத்தையும் கடைகளையும் செய்துவிட்டு, மாடியை அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போட்டாலும் அரைக்கூலியாவது வீடு வந்து சேருகிறது.

புத்திசாலிகள் சிலர் கொட்டகைக் கூரையில் விழும் மழைநீரைப் பீப்பாய்களில் பிடித்து வைத்து, அழுக்கு வடிகட்டியபின் ரெசின் உருளையில் மட்டும் விட்டு உபயோகிக்கிறார்கள். மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவாகையால், ஆர்.ஓ. தேவைப்படுவதில்லை, கழிவும் இல்லை. கழிவு நீரைக் கொட்டாமல் பிடித்து வேன் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பிரிட்டனின் மழையில் இவ்வழக்கம் இன்னும் பரவாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த உரையைக் கேட்பவர்களில் பலருக்கு மகனோ மகளோ லண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம். அவர்களோடு பேசும்போது இதையும் சொல்லிவையுங்கள்: பனிக்காலத்தில் ஜன்னல் துடைப்பவர் ஒரு வாரம் பிந்தி வந்தால், வேறு ஆளைத் தேட வேண்டாம்; அவர் கதவைத் தட்டி ஒரு வாளித் தண்ணீர் கேட்டால், கொதிக்கும் நீரைக் கொடுத்துவிடாமல் வெதுவெதுப்பாகக் கொடுக்கட்டும்; உறைந்த கண்ணாடி கொதிநீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். தோட்டத்துக் குழாய்க்கு வீட்டினுள் இருக்கும் வால்வை நவம்பர் மாதத்திலேயே மூடி, குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடட்டும். வடித்த குழாய் உறைபனியில் வெடிப்பதில்லை.